டென்வரில் பழைய மேற்கத்தியச் சாப்பாடு: போகும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போவது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் எங்கள் வீட்டு வழக்கம். ஒன்று, மாரிசன் என்ற சின்ன ஊரில் இருக்கும் 'தி ஃபோர்ட்'. இல்லையென்றால், நகருக்குள்ளேயே இருக்கும் 'பக்ஹார்ன் எக்ஸ்சேஞ்ச்'. இரண்டுமே அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதிச் சாப்பாட்டுக்குப் பெயர்போன இடங்கள். காரில் ஏறியதுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வருகிறவர்கள் முன்கூட்டியே படித்துக்கொள்ளட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இது கௌபாய் சாப்பாடுதானே?

இல்லை. கௌபாய்கள் இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ரயில் நிலையம் வரைக்கும் ஓட்டிப்போன காலம், 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு தொடங்கி, இருபது வருடத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்கு முன்பே இந்தச் சமவெளியில் ஷையென், அரபஹோ பழங்குடி மக்கள் இருந்தார்கள். தெற்கே மெக்சிகோக்காரர்கள் இருந்தார்கள். பீவர் என்ற நீர்நிலை விலங்கின் தோலுக்காக மலையேறிய பிரெஞ்சு, அமெரிக்க வேட்டைக்காரர்கள் வந்தார்கள். வண்டி கட்டிக்கொண்டு வியாபாரிகள் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் சந்தித்த இடத்துச் சாப்பாடுதான் இது. சோளமும் மிளகாயும் பீன்ஸும் ஒரு பக்கத்திலிருந்து வந்தன, பைசன் என்ற திமில் வைத்த பெரிய விலங்கின் கறி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது, கோதுமை மாவும் காபியும் சர்க்கரையும் வண்டியில் வந்து இறங்கின. மெனுவைக் கையில் வாங்கும்போது இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் என்ன சொல்வது என்ற குழப்பமே வராது. ஸ்டேக் என்ற தடித்த கறித்துண்டு எந்த ஊரிலும் கிடைக்கும். இந்த மண்ணுக்கென்று இருப்பதைக் கேளுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

தி ஃபோர்ட் நிஜக் கோட்டையா?

அசல் கோட்டை டென்வரிலிருந்து மூன்று மணி நேரம் தென்கிழக்கே, ஆர்கன்சா ஆற்றங்கரையில் இருந்தது. பென்ட் கோட்டை என்று பெயர். வில்லியம் பென்ட், சார்லஸ் பென்ட் என்ற அண்ணன் தம்பிகளும் செரான் செயின்ட் வ்ரெயின் என்பவரும் சேர்ந்து 1833 வாக்கில் கட்டினார்கள். அது ராணுவக் கோட்டை இல்லை, வியாபாரக் கோட்டை. மிசூரியிலிருந்து சான்டா ஃபே போகிற வண்டிப் பாதையில், வெறும் புல்வெளிக்கு நடுவே நின்ற பெரிய மண் கட்டடம். பைசன் தோலைக் கொடுத்துத் துணி, பாத்திரம், துப்பாக்கி வாங்கிப்போவார்கள். உள்ளே பில்லியர்ட்ஸ் மேஜைகூட இருந்தது. 1849-இல் அது கைவிடப்பட்டது.

அந்தக் கோட்டையின் பழைய படங்களைப் பார்த்து மயங்கிப்போய், சாம் ஆர்னால்ட் என்பவரும் அவர் மனைவியும் மாரிசன் பக்கத்துச் செம்பாறைகளுக்கு நடுவே அதே மாதிரி ஒரு வீடு கட்டத் தொடங்கினார்கள். சுடாத பச்சைச் செங்கல், மண்ணும் வைக்கோலும் குழைத்து வெயிலில் காயவைத்தது, சுமார் 80,000 கல். கையிலிருந்த பணம் போதவில்லை. வியாபாரம் ஏதாவது நடத்தினால்தான் கடன் கிடைக்கும் என்ற நிலைமை வந்தது. அதனால் கீழே உணவகம், மேலே குடித்தனம் என்று 1963-இல் திறந்தார்கள். சிஸ்ஸி என்ற கருங்கரடி பல வருடம் அவர்கள் வீட்டுப் பிராணியாக அங்கேயே வாழ்ந்தது. 1997 ஜூனில் டென்வரில் எட்டு நாட்டுத் தலைவர்கள் மாநாடு நடந்தபோது, அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டன் மற்ற தலைவர்களை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைத்துவந்தது இங்கேதான்.

ஆர்னால்டை நான் மதிப்பதற்குக் காரணம் கட்டடம் இல்லை. அந்தக் காலத்து நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடிப் படித்து, இந்தப் பாதையில் போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடித்து, அதைச் சமைத்துப் பார்த்தார். மெனுவில் பாதி அப்படி வந்ததுதான்.

பக்ஹார்ன்?

அது வேறு காலம், வேறு மனநிலை. 1893-இல் ஹென்றி ஸீட்ஸ் என்பவர் ரயில்வே பட்டறைக்கு எதிரே திறந்த பழைய மதுக்கடை, சலூன் என்பார்கள். மதுவிலக்கு முடிந்த பிறகு கொலராடோவின் 1-ஆம் எண் மது உரிமம் இவர்களுக்குத்தான் கிடைத்தது. சுவர் முழுக்கப் பாடம் செய்த விலங்குத் தலைகள், 500-க்கும் மேல். நகர ரயிலில் 10-ஆம் தெரு, ஓசேஜ் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. கார் இல்லாதவர்களுக்கு இதுதான் வசதி.

'பஃபலோ' என்றால் எருமையா? மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் சாப்பிடலாமா?

எருமை இல்லை. பேச்சில் பஃபலோ என்பார்கள், சரியான பெயர் பைசன். தோளில் திமில், கழுத்தைச் சுற்றி அடர்ந்த மயிர், குளிர்காலத்தில் பனியைத் தலையாலேயே ஒதுக்கிப் புல் மேயும். ஆனால் மாடு, எருமை, பைசன் மூன்றும் ஒரே குடும்பம்தான். வீட்டில் மாட்டுக்கறி கூடாது என்பவர்களிடம் "இது மாடு இல்லை, சாப்பிடுங்கள்" என்று நான் சொல்வதில்லை. என்ன விலங்கு என்று விளக்கிவிட்டு அவர்களையே முடிவு செய்யச் சொல்வேன். எங்கள் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார், காடை வாங்கிக்கொண்டார். அவர் மகன் பைசன் வாங்கினான். இரண்டு பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு அது. தோலுக்காகவும், அதை நம்பி வாழ்ந்த மக்களை ஒடுக்குவதற்காகவும் கொன்று குவித்ததில் 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்று தட்டில் வருவது பண்ணையில் வளர்ந்தது. உயிரோடு பார்க்க ஆசைப்பட்டால், டென்வரிலிருந்து மலைப்பக்கம் போகும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஜெனசி பார்க் வருகிறது. நகராட்சியே வளர்க்கிற மந்தை அங்கே மேயும். சாப்பாட்டுக்குப் போகும் நாளில் மதியமே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

மானும் எல்க்கும் வேட்டையாடிக் கொண்டுவருவதா?

இல்லை. வேட்டைக்காரர் சுட்ட காட்டு மானை அமெரிக்காவில் விற்கக் கூடாது, அவர் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், அவ்வளவுதான். உணவகத்துக்கு வருவது பண்ணைக் கறி, நிறையவே நியூசிலாந்திலிருந்து வருகிறது. எல்க் என்பது பெரிய மான் வகை. மான் கறி என்றதும் எதிர்பார்க்கிற அந்தக் காட்டு வாடை இதில் பெரிதாக இருக்காது.

கறியை எப்படி வேகவைக்கச் சொல்வது?

நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் இதுதான். ஆர்டர் எடுப்பவர் வந்து கேட்பார்: ரேரா, மீடியம் ரேரா, மீடியமா, வெல் டன்னா? ரேர் என்றால் உள்ளே கிட்டத்தட்டப் பச்சை. வெல் டன் என்றால் உள்ளே சிவப்பே இல்லாமல் முழுக்க வெந்தது.

நாம் முழுக்க வெந்த கறிக்குப் பழகியவர்கள், அதனால் வாய் தானாக "வெல் டன்" என்று சொல்லிவிடும். மாட்டு ஸ்டேக்கில் அது ஓரளவு தாங்கும், பைசனில் தாங்காது. பைசன் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பு இருந்தால்தான் தீயில் கறி காயாமல் இருக்கும். இங்கே அது இல்லாததால், மீடியத்தைத் தாண்டினால் ஈரமெல்லாம் போய் நார் நாராக விறைத்துவிடும். வேறொரு ஊரில் ஒரு தடவை மாமா பிடிவாதமாக வெல் டன் சொல்லி, நல்ல விலை கொடுத்து வாங்கின கறியை அரை மணி நேரம் மென்றார். சமைத்தவர் மேல் தப்பே இல்லை.

சிவப்பு பிடிக்காது என்றால் ஸ்டேக்கையே விட்டுவிடுங்கள். மெதுவாக மணிக்கணக்கில் வேகவைத்த விலா எலும்போ, ஸ்ட்யூவோ இருந்தால் கேளுங்கள். நம் வீட்டுக் கறிக்குழம்பு மாதிரி எலும்பை விட்டுத் தானே கழன்று வரும். அரைத்த கறியில் செய்ததை மட்டும் எப்போதும் நன்றாக வெந்ததாகவே வாங்குங்கள், உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்பது இங்கே விதி.

'ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்' சிப்பியா? மலையில் எப்படிச் சிப்பி?

காளைக்கன்றின் விதை. தோலை உரித்து, வட்டமாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். பண்ணைகளில் கன்றுகளுக்குக் காயடிக்கும் நாளில் மிஞ்சியதை வீணாக்காமல் சமைத்ததிலிருந்து வந்த பழக்கம். நம் ஊர்க் கறிக்கடையிலும் ஆட்டு விதையைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஈரல் மாதிரி மென்மையாக இருக்கும். என்னவென்று சொல்லாமல் யாருக்கும் வைக்காதீர்கள், அது மரியாதை இல்லை.

கட்டாயம் சாப்பிட வேண்டிய ஒன்று?

நல்லி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தி ஃபோர்ட்டில் பைசனின் கால் எலும்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து அடுப்பில் வாட்டிக் கொண்டுவருவார்கள். தோணி மாதிரி இருக்கும். நடுவில் உருகியும் உருகாமலும் நல்லி, மேலே உப்புப் பரல், ஓரத்தில் லேசாகக் கருகல். ஒல்லிக் கரண்டியால் சுரண்டி, வாட்டின ரொட்டியில் தடவி வாயில் போட வேண்டும். மலையேறின வேட்டைக்காரர்களும் சமவெளிப் பழங்குடிகளும் பைசனை அடித்தால் முதலில் தேடினது இதைத்தான். சதையில் கொழுப்பு இல்லாத விலங்கிடம் கொழுப்பு ஒளிந்திருக்கும் இடம் எலும்பு. குளிரில் நாள் முழுக்க நடக்கிறவனுக்கு அதுதான் பலம்.

எங்கள் அத்தை ஆட்டு நல்லியைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சியே பழகினவர். இங்கே எலும்பைப் பிளந்தே கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, வேலையே வைக்காமல் கொண்டுவந்துட்டாங்க!" என்றார். அப்புறம் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கரண்டியாலேயே முடித்தார்.

காரம் இருக்குமா?

இருக்கும். அமெரிக்கச் சாப்பாடு என்றால் உப்புச் சப்பில்லாதது என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதுதான் ஆச்சரியம். பென்ட் கோட்டை இருந்த காலத்தில் ஆற்றுக்குத் தென்கரை மெக்சிகோ. அங்கிருந்துதான் மிளகாய் வந்தது. நம் சமையலில் இருக்கும் மிளகாய்க்கும் தாய்வீடு அந்தப் பக்கம்தான், போர்த்துகீசியர் கப்பலில் நம்மிடம் வந்து சேர்ந்தது.

தி ஃபோர்ட்டில் ஊறுகாய்ப் பதத்தில் இருக்கும் ஹலபேன்யோ மிளகாயைக் கீறி, உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் அடைத்துத் தருவார்கள். காம்பைப் பிடித்து முழுசாக வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். பாதி கடித்தால் காரம் மட்டும்தான் தெரியும். முழுசாகப் போட்டால் கடலையின் எண்ணெய் காரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் 'கிட் கார்சன் மனைவியின் கிண்ணம்' என்று ஒரு சூப். கார்சன் அந்தக் காலத்து வழிகாட்டி, பென்ட் கோட்டைக்கு வேட்டைக்காரராகவும் இருந்தவர். மனைவி ஹோசஃபா ஹராமியோ, தாவோஸ் ஊர்ப் பெண். அவருடைய அக்காதான் சார்லஸ் பென்ட்டின் மனைவி. கோழி, சோறு, கொண்டைக்கடலை, புகையில் காய்ந்த சிபோட்லே மிளகாய், மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு. மெக்சிகோவில் கால்தோ த்லால்பென்யோ என்று பெயர். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரமாக ரொட்டியும் சாலடுமாகத் தின்று சலித்தவர்களுக்கு முன்னால் இந்தக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள், அடுத்த பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். கறி சாப்பிடத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

சைவக்காரர்களைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், ஆனால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். இந்தச் சமையலில் கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பீன்ஸில் உப்புப் பன்றிக்கறி போட்டு வேகவைப்பது பழைய முறை. சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். பச்சை மிளகாய்க் குழம்பு பெரும்பாலும் பன்றிக்கறி சேர்த்துச் செய்வது. உருளைக்கிழங்கும் கறியும் ஒரே எண்ணெயில் பொரியலாம்.

வேறொரு மாநிலத்தில், இதே மாதிரி ஓர் உணவகத்தில் "பீன்ஸ் வெஜிடேரியன்தான்" என்று சொல்லி வைத்தார்கள். பாதி சாப்பிட்ட பிறகு என் சித்தியின் கரண்டியில் பன்றிக்கறித் துண்டு வந்தது. அறுபது வருடமாக முட்டைகூடத் தொடாதவர். அன்று ராத்திரி அவர் பேசவே இல்லை. அதிலிருந்து நான் "வெஜிடேரியனா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "பன்றிக்கறி, பன்றிக் கொழுப்பு, கறி வேகவைத்த தண்ணீர், இதில் ஏதாவது இருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். அப்படிக் கேட்டால் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்கிறார்கள். ஹலால் கறி வேண்டுமென்றாலும் போனிலேயே கேட்டுவிடுங்கள், இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

கௌபாய்கள் நிஜமாக என்ன சாப்பிட்டார்கள்?

பீன்ஸ், புளித்த மாவு ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, உலர்ந்த ஆப்பிள், காபி. ஆயிரக்கணக்கான மாட்டை ஓட்டிக்கொண்டு போனாலும் அவை முதலாளியின் மாடு, விலைக்குப் போக வேண்டியவை. 1866-இல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்சாஸ் பண்ணைக்காரர் பழைய ராணுவ வண்டியின் பின்னால் அறைகள் வைத்த பெட்டியைப் பொருத்தி நடமாடும் சமையலறை ஆக்கினார். அதுதான் சக் வேகன். வண்டியில் சமையல்காரர் கண்ணைப் போலக் காத்தது புளித்த மாவுச் சாடியை. குளிர் ராத்திரியில் மாவு செத்துவிடக் கூடாது என்று போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். இட்லி மாவு பொங்கவில்லையே என்று மார்கழியில் தவிக்கிற வீட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காபிக்கொட்டை விற்கிற கம்பெனி பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் போட்டு அனுப்பும். காபிக்கொட்டை அரைத்துக் கொடுப்பவனுக்கு அந்த மிட்டாய்.

72 அவுன்ஸ் ஸ்டேக் இங்கேதானே?

அது டெக்சாஸின் அமரிலோ ஊரில், 'பிக் டெக்சன்'. சுமார் இரண்டு கிலோ கறியும் கூட வரும் இறால், உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டியும் ஒரு மணி நேரத்தில் முடித்தால் இலவசம். பார்த்துவிட்டு வரலாம். போட்டியில் இறங்காதீர்கள்.

செலவு, முன்பதிவு, டிப்ஸ்?

மலிவான இடங்கள் இல்லை, பைசனும் எல்க்கும் மாட்டுக்கறியைவிட விலை அதிகம். மெனுவில் போட்ட விலைக்கு மேல் வரி வரும், அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது இங்கே வழக்கம். பரிமாறுகிறவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான், குறைக்காதீர்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஒரு தட்டே இரண்டு பேருக்குப் போதும், மிச்சத்தைத் தயங்காமல் டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

குழந்தைகள் பயப்படுவார்களா?

தி ஃபோர்ட்டில் முற்றத்தில் தீ எரியும், குழந்தைகளுக்கு அதுவே போதும். பக்ஹார்னில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கண்களோடு ஒரு விலங்கு பார்க்கும். சின்னப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இந்த மண்ணின் மக்களைத் துரத்திவிட்டு அதை அலங்காரமாக வைத்துச் சாப்பிடுவது சரியா?

என் அக்கா மகள் கேட்ட கேள்வி, பதினாறு வயதில். நியாயமான கேள்வி.

வில்லியம் பென்ட் ஷையென் குடும்பத்தில் பெண் எடுத்தவர். 1864 நவம்பர் 29 அன்று கர்னல் சிவிங்டனின் அமெரிக்கப் படை சாண்ட் கிரீக்கில் சமாதானமாக முகாமிட்டிருந்த ஷையென், அரபஹோ மக்களைத் தாக்கிச் சுமார் 230 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பென்ட்டின் மகன்கள் ஜார்ஜும் சார்லஸும் அன்று அந்த முகாமுக்குள் இருந்தார்கள். இன்னொரு மகன் ராபர்ட்டை வழிகாட்டச் சொல்லிப் படை கட்டாயப்படுத்தி இழுத்து வந்திருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான்: தலைகளையும் துப்பாக்கிகளையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது அலங்காரம். யார் வளர்த்த சோளம், யார் வேட்டையாடிய விலங்கு, யார் கொண்டுவந்த மிளகாய் என்று கேட்டுச் சாப்பிட்டால் அவர்கள் பெயர் வாயில் வரும். அவளுக்கு அது முழுக்கப் போதவில்லை. அடுத்த மாதம் சாண்ட் கிரீக் நினைவிடத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம்.

அசல் கோட்டையைப் பார்க்க முடியுமா?

முடியும். லா ஹுன்டா ஊருக்குப் பக்கத்தில், அதே இடத்தில், தேசியப் பூங்காத் துறை 1976-இல் திரும்பக் கட்டியது. 1840-களில் வந்து தங்கிய ஏபர்ட் என்ற இளம் ராணுவ அதிகாரி வரைந்து வைத்த படங்கள் அதற்கு உதவின. மண் கட்டடம் என்பதால் அடிக்கடி பழுதுபார்ப்பார்கள். உள்ளே விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளே போக முடிந்தால் சமையலறையைத் தேடிப் போங்கள். தாழ்ந்த கூரை, மண் தரை, ஓரத்தில் கணப்படுப்பு. ஷார்லட் கிரீன் என்ற கறுப்பினப் பெண் பென்ட் குடும்பத்தின் அடிமையாக அந்தக் கோட்டையில் சமைத்தார். வண்டிப் பாதையில் மாதக்கணக்கில் உலர்ந்த கறி தின்று வந்தவர்கள் அவர் சுட்ட பான்கேக்கையும், மாவுக்குள் பூசணிக்காய் வைத்துச் சுட்ட 'பம்ப்கின் பை' பலகாரத்தையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். தி ஃபோர்ட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அங்கே போனால், அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.